பெண்புலியின் கண்ணில் படரும் கறை: அகற்றுவதா, காத்திருப்பதா?

தென்னிந்தியாவில் உள்ள ஓர் உயிரியல் பூங்காவில் விலங்குக் காப்பாளராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், பதிலுக்குத் தேவையான விவரங்களை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய பொறுப்பில் உள்ள பெண்புலிக்கு வயது 15. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அதன் வலது கண்ணில், கண்மணியைச் சுற்றியுள்ள பொன்மஞ்சள் வளையத்தில், கடுகளவு பழுப்புப் புள்ளி ஒன்றைப் பார்த்தார். வயதானதால் வந்த மச்சம் என்று எல்லோரும் சொல்ல, அவரும் விட்டுவிட்டார். பிறகு பக்கத்தில் மேலும் சில புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று கலந்தன. இப்போது வளையத்தின் கீழ்ப்பாதி முழுவதும் கரும்பழுப்பாகி, வெல்வெட் துணி போலச் சற்று மேடிட்டுத் தெரிகிறது. வெயிலில் வந்து நிற்கும்போது இடது கண்மணி சிறு புள்ளியாகச் சுருங்க, வலது கண்மணி முட்டை வடிவில் விரிந்தபடியே நிற்கிறது. கடந்த ஒரு மாதமாகக் காலையில் அந்தக் கண்ணில் நீர் வடிகிறது. கண் சற்றுப் பெரிதானது போலவும் அவருக்குத் தோன்றுகிறது.

பூங்காவின் கால்நடை மருத்துவர், கல்லூரி நிபுணர்களைக் கலந்துபேசிய பின், கண்ணை அகற்ற வேண்டும் என்கிறார். வாசகருக்கு அதில் உடன்பாடில்லை. கத்தி பட்டால் புற்று பரவும்; ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதித்த பிறகல்லவா முடிவு செய்ய வேண்டும்; தம் உறவினர் ஒருவருக்குக் கண் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்துக் கண்ணையே காப்பாற்றியிருக்கும்போது புலிக்கு ஏன் முடியாது; இந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்குமா; ஒற்றைக் கண்ணோடு ஒரு புலி எப்படி வாழும் என்று வரிசையாகக் கேட்கிறார். பேசாமல் அதன் காலம் வரை விட்டுவிடலாம், அல்லது வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். அடுத்த கூண்டில் உள்ள ஆண்புலிக்கு இது தொற்றிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: ஆறு ஆண்டுகளுக்கு முன் ஊருக்குள் புகுந்து, கல்லெறியில் இடது கண் சிதைந்து, மீட்டுக் கொண்டுவரப்பட்ட சிறுத்தை ஒன்று அங்கே இருக்கிறது. சுருங்கிக் குழிந்து கிடந்த அந்தக் கண் இரண்டு மாதங்களாக மீண்டும் மேலெழும்பி வருகிறது. கண் திரும்ப வருகிறது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள், அது உண்மையா?

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கடிதம் முழுவதும் பெண்புலியைப் பற்றியது, சிறுத்தைக்கு ஒரே ஒரு வரி. ஆனால் இரண்டில் அதிக அவசரமானது அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சிறுத்தை

சிதைந்து, பார்வையிழந்து, பல ஆண்டுகள் சுருங்கிக் கிடந்த கண் மறுபடி வளர்ந்து நல்ல கண்ணாக ஆவதில்லை. அது மேலெழும்புகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். இரத்தமாக இருக்கலாம், சீழாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம். பூனை இனத்து விலங்கு என்றால் கட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டுப் பூனைகளில், கண்ணுக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில் முதலிடம், கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸில் வரும் மெலனோமா என்ற நிறமி செல் புற்றுக்கு. இரண்டாமிடம், பழைய காயத்துக்குப் பின் வரும் சார்கோமா என்ற புற்றுக்கு. அடிபட்டபோது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் உறை கிழிந்திருந்தால், அந்த உறையின் உட்புறச் செல்கள் கண்ணுக்குள் சிதறி, ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு, பிறகு புற்றாக மாறுகின்றன என்பதே இதற்குப் பெரிதும் ஏற்கப்பட்டுள்ள விளக்கம். காயத்துக்கும் கட்டிக்கும் இடையே சில மாதங்களும் ஆகலாம், பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்; பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. உங்கள் சிறுத்தைக்கு ஆறு ஆண்டுகள் ஆகியிருப்பது இந்தக் கணக்குக்குள் சரியாக விழுகிறது. இந்தக் கட்டி கண்ணின் உட்சுவரைச் சுற்றி வளர்ந்து, பார்வை நரம்பின் வழியே மூளையை நோக்கிச் செல்லக்கூடியது. வெளியே புடைப்பு தெரியும் கட்டத்தில் நாட்கள் முக்கியம்.

பெரும்பூனைகளின் கண் கட்டிகளைப் பற்றிப் பதிவானவை பெரும்பாலும் தனித்தனி விலங்குகளின் கதைகளே. ஆகையால் மருத்துவர்களாகிய நாங்கள் வீட்டுப் பூனைகளிடம் கற்றதை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். கண்ணின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே என்பதால், சிறுத்தைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்று நம்பிக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரே மயக்கத்தில் கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட், தலைக்கும் மார்புக்கும் எக்ஸ்ரே எடுத்து, நுரையீரல் தெளிவாக இருந்தால் அப்போதே கண்ணை அகற்றிவிடலாம். பார்வை இல்லாத கண்ணை எடுப்பதால் அந்தச் சிறுத்தைக்கு இழப்பு எதுவும் இல்லை. உங்கள் பூங்காவில் இதுபோல் அடிபட்டுக் குருடான கண்ணோடு வேறு பூனை இன விலங்குகள் இருந்தால் அவற்றையும் பட்டியலிட்டுக் கொடுங்கள். வேறு எதற்காக மயக்கம் கொடுத்தாலும் அந்தக் கண்ணையும் பார்த்துவிட வேண்டும். கட்டி வருவதற்கு முன்பே எடுத்துவிடலாமா என்பதையும் மருத்துவர் யோசிக்க வேண்டும்.

கறை எப்போது கட்டியாகிறது

இனிப் பெண்புலி. மச்சம் என்று விட்டுவிட்டோமே என்று வருந்தியிருக்கிறீர்கள். அந்த முதல் புள்ளியைப் பார்த்து எந்த நிபுணராலும் அது புற்று என்று சொல்லியிருக்க முடியாது. வயதான பூனைகளின் ஐரிஸில் பழுப்புப் புள்ளிகள் வருவது சாதாரணம். பெரும்பாலானவை அப்படியே தட்டையாக, ஆண்டுக்கணக்கில் தீங்கில்லாமல் இருக்கும். சில மட்டும், நிறமி செல்கள் பெருகிப் பெருகி, மெலனோமாவாக மாறுகின்றன. இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. போகும் பாதைதான் வேறு. அதனால்தான் ஒருநாள் வந்து பார்க்கும் நிபுணரைவிட, தினமும் பார்க்கும் காப்பாளர் சொல்வது இந்த நோயில் அதிக மதிப்புள்ளது.

நீங்கள் எழுதியவற்றில் நான்கு குறிகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. புள்ளிகள் கலந்து பரவியது முதலாவது. மேற்பரப்பு மேடிட்டு வெல்வெட் போல ஆனது இரண்டாவது. தட்டையான மச்சம் அப்படி ஆவதில்லை. மூன்றாவது கண்மணியின் வடிவம். வீட்டுப் பூனைக்குக் கண்மணி கீற்றாகச் சுருங்கும், புலிக்கும் சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் அது வட்டமாகவே சுருங்கும். எனவே புலியின் கண்மணி முட்டை வடிவானால், அந்தப் பக்கத்துத் தசை கட்டியால் இறுகி அசையாமல் போய்விட்டது என்று ஊகிக்கலாம். நான்காவது, கண் பெரிதானதும் நீர் வடிவதும்.

இந்த நான்காவதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. கண்ணுக்குள் ஊறும் நீர், ஐரிஸும், கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கருவிழியும் சந்திக்கும் மூலையில் உள்ள நுண்ணிய வடிகால் வழியே வெளியேற வேண்டும். கட்டியின் செல்கள் உதிர்ந்து அந்த வடிகாலை அடைத்துவிட்டால் கண்ணின் அழுத்தம் ஏறும். மனிதர்களில் கிளாக்கோமா என்று சொல்கிறோமே, அதுதான். அழுத்தம் வேகமாக ஏறினால் கடுமையான தலைவலி போன்ற வலி இருக்கும், ஆனால் புலி அதை முனகிக் காட்டாது. சாப்பிட வரத் தாமதிப்பது, கம்பியில் முகத்தைத் தேய்ப்பது, அந்தக் கண்ணை அரைவாசி மூடிக்கொள்வது, வலப்பக்கம் யாராவது வந்தால் வழக்கத்துக்கு மாறாகச் சீறுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். வலி தெரியும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வீட்டு நாய்க்கே சரிவராது, காட்டு விலங்குக்குச் சுத்தமாகச் சரிவராது.

ஆனால் கண்ணில் நிறம் மாறினாலே மெலனோமா என்று முடிவு கட்டவும் கூடாது. நீண்ட நாள் அழற்சியாலும் ஐரிஸ் கருக்கலாம். ஐரிஸிலிருந்து வரும் நீர்க்கொப்புளமும் கறுப்பாகத் தெரியும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒளி ஊடுருவுவதை வைத்து அதைப் பிரித்தறியலாம். வெளிர்சிவப்பான சதைபோல் ஒன்று, அதுவும் இரண்டு கண்ணிலும் வந்தால், வெள்ளணுக்களின் புற்றான லிம்போமாவை நினைக்க வேண்டும். அது உடல் முழுவதற்குமான நோயின் பகுதி. நம் நாட்டில் டிரிப்பனோசோமா என்ற இரத்த ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோயையும் மறக்கக் கூடாது. ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவில் 2000ஆம் ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட புலிகளைக் கொன்ற அந்த நோய் கருவிழியை வெளுக்கச் செய்யும். ஓர் இரத்தப் பூச்சுச் சோதனை அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உதவும். உங்கள் மருத்துவர் இவற்றையெல்லாம் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன். நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

ஆண்புலிக்குத் தொற்றும் என்று பயப்பட வேண்டாம். மெலனோமா தொற்றுநோய் அல்ல.

துண்டு எடுத்துச் சோதிப்பதும் கதிர்வீச்சும்

மார்பிலோ தோலிலோ கட்டி என்றால் துண்டு எடுத்துப் பார்த்த பிறகே அறுவை செய்வது முறை. அதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள், நியாயமான கேள்வி. ஆனால் ஐரிஸ் இரத்தம் நிறைந்த மெல்லிய தசை வளையம். அதில் துண்டு எடுத்தால் கண்ணுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். எடுத்த இடத்தில் சாதாரண நிறமி செல்களும் அடுத்த மில்லிமீட்டரில் புற்றுச் செல்களும் இருக்கலாம் என்பதால், நல்ல முடிவு வந்தாலும் அதை நம்ப முடியாது. ஏற்கெனவே அழுத்தம் ஏறிய கண்ணில் அந்த ஆபத்தை ஏற்பதில் பொருளில்லை. ஆகவே இங்கே சோதனையும் சிகிச்சையும் ஒன்றே: கண்ணை முழுமையாக எடுத்து, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் நிபுணருக்கு அனுப்புவது.

கத்தி பட்டால் பரவும் என்பது நம் ஊரில் வேரூன்றிய பயம். பரவிய பிறகு அறுவைக்கு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து உண்டான நம்பிக்கை அது. கண்ணைத் திறக்காமல், கோளத்தை முழுதாக வெளியே எடுக்கும்போது கட்டி தன் உறைக்குள்ளேயே போய்விடுகிறது. வீட்டுப் பூனைகளைக் கொண்டு 1998ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கட்டி ஐரிஸுக்குள் இருக்கும்போதே கண் அகற்றப்பட்ட பூனைகள் அந்த நோயே வராத பூனைகளைப் போல வாழ்ந்ததையும், கட்டி ஐரிஸைத் தாண்டி உள்ளே சென்ற பின் அகற்றப்பட்டவற்றின் ஆயுள் குறைந்ததையும் காட்டியது. மெலனோமா பரவினால் பெரும்பாலும் கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போகும். அறுவைக்குப் பல மாதங்கள், சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். அப்படி வந்தால் அது கத்தியால் பரவியதல்ல, கத்திக்கு முன்பே புறப்பட்டுவிட்டது.

உங்கள் உறவினருக்குக் கிடைத்த சிகிச்சை வேறு வகை. மனிதர்களில் கண் மெலனோமா பெரும்பாலும் கண்ணின் பின்புறச் சுவரில், எல்லை தெரியும் ஒரு கட்டியாக வருகிறது. கதிரியக்கத் தகட்டை அதன் மேல் வெளியிலிருந்து தைத்துவைத்துச் சில நாட்களில் எடுக்கலாம். உங்கள் புலிக்கு வந்திருப்பது எல்லையற்று வளையம் முழுவதும் படர்வது. தகடு வைக்க ஒரு மயக்கம், எடுக்க ஒரு மயக்கம், இடையில் கதிரியக்கத்தோடு ஒரு புலியைக் கூண்டில் வைத்திருப்பது என்பதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது. மிக ஆரம்பத்தில், தட்டையாகச் சில புள்ளிகளாக மட்டும் இருக்கும்போது லேசரால் சுடுவதை வீட்டுப் பூனைகளில் சிலர் செய்கிறார்கள். அதன் பலன் குறித்து நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும் உங்கள் புலி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

மயக்கமும் வயதும்

இந்தப் பயம் மட்டும் முழுக்க நியாயமானது. காட்டில் 15 வயதை எட்டும் புலி அரிது. பூங்காவில் அது முதுமை. வயதான பெரும்பூனைகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதயத்தை அல்ல, சிறுநீரகத்தை. எனவே அறுவைக்கு முன்பே இரத்தத்தில் கிரியேட்டினின், யூரியா பார்க்க வேண்டும். இதற்கு மயக்கம் தேவையில்லை. விலங்கை அதிகம் அசையாமல் நிறுத்தும் நெருக்குக் கூண்டில் நிற்கவும், வாலைக் கம்பியின் இடைவெளி வழியே வெளியே விடவும் இறைச்சித் துண்டு கொடுத்துப் பழக்கினால் வால் நரம்பிலிருந்து இரத்தம் எடுக்கலாம். ஏற்கெனவே பழக்கியிருந்தால் உங்கள் புலிக்குப் பெரிய பாக்கியம். இல்லையென்றால் இதற்காகக் காத்திருக்க நேரமில்லை, மயக்கத்தின் தொடக்கத்திலேயே எடுத்து உடனே பார்த்துக்கொள்ளலாம்.

மருந்துத் தேர்வு மருத்துவருடையது. ஆனால் இரண்டு செய்திகளை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் நன்றாக வேலை செய்யும் டைலெட்டமின்-சோலாசெபாம் கலவையைப் புலிக்குத் தவிர்ப்பதே நீண்டகால வழக்கம். மயக்கம் தெளிந்து நாட்கள் கழித்தும் நரம்புக் கோளாறுகள் வந்ததாகப் பதிவுகள் உண்டு. கீட்டமின் என்ற மயக்க மருந்து கண் அழுத்தத்தைச் சற்று ஏற்றக்கூடியது. ஆகவே மயக்கத்தில் அளக்கும்போது நோயுள்ள கண்ணின் எண்ணை மட்டும் பார்க்காமல் நல்ல கண்ணையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஊசியால் படுக்க வைத்த பின் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தி ஐசோஃப்ளூரேன் வாயுவில் வைத்திருப்பதும், சொட்டு ஏற்றுவதும், இதயத்தையும் ஆக்சிஜன் அளவையும் தொடர்ந்து கண்காணிப்பதும் இந்த வயதில் தவிர்க்க முடியாதவை. உங்கள் பூங்காவில் அந்த வசதி இல்லை என்றால், கால்நடைக் கல்லூரியின் மயக்கவியல் குழுவை வரவழைக்கச் சொல்லுங்கள். அதே மயக்கத்தில் மார்பு எக்ஸ்ரேயும் கல்லீரல் அல்ட்ராசவுண்டும் முடிந்துவிட வேண்டும்.

கண்ணை எடுக்கும் நிபுணருக்கு நாய்களில் பழக்கம் அதிகம் என்றால் ஒன்றை நினைவூட்டுவது தவறாகாது. பூனை இனத்தில் பார்வை நரம்பு குட்டையானது. கோளத்தை வெளியே இழுத்து அறுக்க முயன்றால், இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் இடம் சேதமாகி நல்ல கண்ணும் குருடாகிவிடும். இழுக்காமல் எடுக்க வேண்டும். நிபுணர்கள் இதை அறிவார்கள். ஆனாலும் அறுவைக்கு முந்தைய கூட்டத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லப்படுவதை நான் விரும்புகிறேன்.

அறுவைக்குப் பிறகு

காயத்தைத் தொடவிடாமல் தடுக்கும் கூம்புக் கழுத்துப் பட்டையைப் புலிக்கு மாட்ட முடியாது. அது முன்னங்காலை நக்கி ஈரமாக்கி முகத்தைத் துடைத்துக்கொள்ளும். அந்தப் பாதம் தையலில்தான் போய் நிற்கும். ஆகவே தானாகக் கரையும் நூலால், தோலுக்குள் மறைந்திருக்கும்படி தைப்பார்கள். தையல் பிரிக்க மீண்டும் மயக்கம் தேவைப்படாது. முதல் சில நாட்கள் அந்தப் பக்க மூக்கில் இரத்தம் கலந்த நீர் வரலாம். கண்ணீர்க் குழாய் மூக்கில் திறப்பதால் வருவது அது, பதற வேண்டாம். சொட்டுச் சொட்டாக இல்லாமல் தொடர்ந்து ஒழுகினாலோ, குழி வீங்கினாலோ, துர்நாற்றம் வந்தாலோ உடனே சொல்லுங்கள்.

நம் தட்பவெப்பத்தில் பெரிய எதிரி ஈ. காயத்தில் புழு வைத்துவிட்டால் நல்ல அறுவையும் வீணாகும். இரவுக் கூடத்துக்கு ஈ புகாத வலை அடித்து, தரையைக் காய்ந்ததாக வைத்து, குறைந்தது இரண்டு வாரம் மண் தரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் விடாமல் வைத்திருக்க வேண்டும். மருந்தை முழு உணவிலும் கலக்காதீர்கள். முதலில் மருந்து வைத்த சிறு கோழித் துண்டு, அதை விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு மீதி இறைச்சி. வலிநிவாரணி மெலாக்சிகாம் என்றால், இந்த வயதுச் சிறுநீரகத்துக்கு அளவும் நாட்களும் மருத்துவர் சொன்னதற்கு மேல் ஒரு வேளைகூடக் கூடாது.

ஒற்றைக் கண்ணோடு எப்படி வாழும் என்கிறீர்கள். நீங்கள் விவரிக்கும் நிலையில் அந்தக் கண் இப்போதே அதிகம் பார்க்காமல் இருக்கலாம்; வலித்துக்கொண்டும் இருக்கலாம். வேட்டையாடிப் பிழைக்க வேண்டிய காட்டுப் புலிக்குத் தூரத்தைக் கணிப்பதில் இழப்பு உண்டு. வேளைக்கு உணவு கிடைக்கும் கூண்டில் பெரும்பூனைகள் ஒற்றைக் கண்ணோடு நன்றாகவே வாழ்கின்றன. உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு. வலப்பக்கம் நெருங்கும்போது குரல் கொடுத்துக்கொண்டே வாருங்கள். மரக்கட்டை, மேடை, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் இடத்தைச் சில மாதங்கள் மாற்றாதீர்கள். உயரமான மேடைக்கு நடுவில் ஒரு படி வையுங்கள். பார்வையாளர்கள் என்ன நினைப்பார்கள் என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது புலியின் பிரச்சினை அல்ல.

பரவியிருந்தால்

எக்ஸ்ரேயில் நுரையீரலில் முடிச்சுகள் தெரிந்தால் கணக்கு மாறும். அப்போது கண்ணை அகற்றுவது ஆயுளை நீட்டாது. வலியைக் குறைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகச் செய்யலாமா என்பதை அந்த மேசையிலேயே முடிவு செய்ய வேண்டிவரும். அதற்கான பேச்சு அறுவைக்கு முன்பே, இயக்குநரும் இருக்க, நடந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று எளிதாக எழுதியிருக்கிறீர்கள். புலியும் சிறுத்தையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதலாவது அட்டவணையில் உள்ளவை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதன் வரையறை, அடைத்து வைக்கப்பட்டுள்ள விலங்கைக் கொல்வதையும் உள்ளடக்கியது. மீள முடியாத அளவுக்கு நோயுற்ற விலங்குக்கு 11ஆம் பிரிவின்படி மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர், காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் ஆணையிட்டால் மட்டுமே கருணைக்கொலை செய்ய முடியும். பூங்கா மருத்துவரோ இயக்குநரோ தாமாக முடிவு செய்ய முடியாது. மேலும், மீள முடியாத நிலை என்று இன்று எந்த மருத்துவரும் கையெழுத்திட மாட்டார். ஏனெனில் சிகிச்சை ஒன்று இருக்கிறது, அதை இன்னும் செய்து பார்க்கவில்லை. அதன் காலம் வரை விடுவது என்ற உங்கள் முதல் யோசனை இந்த வரையறைக்குள் வராது. ஆனால் அழுத்தம் ஏறிய கண்ணோடு விடும் காலம் வலியின் காலம்.

அகற்றிய கண்ணும் முதலாவது அட்டவணை விலங்கின் உடற்பகுதியே. அதை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பக் கடிதமும் பதிவும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அறுவை முடிந்த பிறகு அனுமதிக்கு எழுதத் தொடங்கினால் அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும்.

உங்கள் இடம்

ஒப்பந்தப் பணியில் இருப்பதால் எதிர்த்துப் பேசத் தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்பதற்கு இங்கே ஒன்றுமில்லை. உங்கள் மருத்துவர் சொன்ன முடிவு சரியானது என்பதே என் கருத்து. உங்களிடம் உள்ள செய்திகள் அவருக்குத் தேவை. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் கீழ் வரும் பூங்காக்கள் விலங்குகளின் உடல்நலப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் அன்றாட அறிக்கைதான் அந்தப் பதிவின் அடி. புள்ளி முதலில் தெரிந்த காலம், கண்மணி கோணலான காலம், நீர் வடிந்த காலைகள், சாப்பிட்ட அளவு என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். கைப்பேசியில் உள்ள பழைய படங்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பூங்காக்களில் புலியைப் படமெடுப்பவர்களுக்குக் குறைவே இல்லை. ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில், மாதம் ஒருமுறை இரண்டு கண்களையும் எடுத்து வைப்பவர்கள்தான் அரிது. இனி நல்ல கண்ணுக்கு அப்படிச் செய்யுங்கள். அந்தப் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள். அதனால் புலிக்கு நன்மை இல்லை, உங்களுக்குத் தீமை உண்டு.

அறுவைக்குப் பின் மாதம் ஒருமுறை எடை பாருங்கள். காரணமின்றி எடை குறைந்தாலோ, இருமலோ மூச்சிரைப்போ வந்தாலோ, ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திராமல் மார்பு எக்ஸ்ரே கேளுங்கள். ஆய்வக அறிக்கை வந்ததும் இரண்டு வரிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கட்டி ஐரிஸோடு நின்றதா, பார்வை நரம்பின் வெட்டு முனை சுத்தமாக இருந்ததா என்பவை அவை. மீதி கண்காணிப்பு எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அந்த இரண்டைப் பொறுத்தது.

அறுவை நாளன்று நீங்களும் அங்கே இருக்க அனுமதி கேளுங்கள். பழகிய குரல் இருந்தால் புலி பதறாமல் படுக்கும். பதறாத விலங்குக்கு மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்படும். ஆனால் மயக்க ஊசியை ஊதிச் செலுத்தும் ஊதுகுழலைப் பிடிப்பவர் வேறொருவராக இருக்கட்டும். மயக்கம் தெளிந்த பிறகு கோழித் துண்டை உங்கள் கையிலிருந்துதான் அது வாங்க வேண்டும்.